காசு கொடுத்துக் கேட்ட கேள்விகள்

கராகோல்
செப்டம்பர் 4

தாலான்ட்டுக்கு,

அக்கா குல்பாரா எழுதுகிறேன். ஏப்ரலில் அப்பா பெயரில் குர்ஆன் ஓதி விருந்து வைத்த அன்று, அத்தனை உறவினர் முன்னால் உன்னை வெளியே போகச் சொன்னவள்தான். அதைப் பற்றிப் பேச இப்போது வரவில்லை. யார் செய்தது பெரிய தப்பு என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

போனில் கூப்பிடாமல் ஏன் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். எனக்குப் போனைத் தொடவே பயமாக இருக்கிறது. எல்லை தாண்டி அல்மாத்திக்கு வண்டி ஓட்டும் கெரிம் அண்ணனிடம் இதை ஆப்ரிகாட் ஜாம் பாட்டிலோடு கொடுத்தனுப்புகிறேன். பாட்டிலைச் சுற்றியிருக்கும் துணிக்குள் இருக்கும்.

சனிக்கிழமை என் பெண் மீரிமுக்கு நிச்சயக் காதணி போட வந்தார்கள். மாப்பிள்ளை அதிலெத்தின் அப்பா, அம்மா, இரண்டு சித்தப்பாக்கள், கூடவே சின்னப் பிள்ளைகள் என்று பாலிக்சியிலிருந்து இரண்டு கார் நிறைய ஆட்கள். ஆடு அறுத்தோம். முதல் நாளே ஒரு மூட்டை மாவுக்குப் போர்சோக் பொரித்து வைத்திருந்தேன். சம்பந்தியம்மா தன் கையாலேயே மீரிமின் காதில் வெள்ளிக் காதணியைப் போட்டு நெற்றியில் முத்தம் கொடுத்தார். எல்லாம் நன்றாகத்தான் போயிற்று.

சாப்பாடு முடிந்து நான் டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். ஒரு குழந்தை கார்ட்டூன் கேட்டு அழுதது. உன் அத்தான் ஷாகிர் டிவியைப் போட்டார். நீ வாங்கிக் கொடுத்த டிவிதான்.

திரை முழுக்க வரிசை வரிசையாக வீடியோக்கள். "கை தானாக அசைகிறதா? முதல் அறிகுறிகள்." "ஹன்டிங்டன் நோய்: அப்பாவுக்கு இருந்தால் பிள்ளைகளுக்கு வருமா?" ஒன்றில் ஒரு மனிதர் நாற்காலியில் கைகால் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்பா கடைசி வருடம் உட்கார்ந்திருந்த மாதிரியே.

சம்பந்தியம்மா என்னைப் பார்த்து, "உங்க வீட்ல டாக்டருக்குப் படிக்கிறவங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார். பக்கத்து வீட்டுப் பெண் வந்து பார்ப்பாள் என்று பொய் சொன்னேன். ஷாகிர் எப்படியோ ஒரு கரடிக் கார்ட்டூனைத் தேடிப் போட்டார். சம்பந்தியம்மா டீயை ஊதி ஊதிக் குடித்தார். கிண்ணத்தைக் கீழே வைத்தபின் ஷாகிரிடம், "உங்க மாமனார் எதுல போனாருன்னு சொன்னீங்க?" என்றார்.

இதயம் என்று ஷாகிர் சொன்னார். அவர் இன்னும் நம்புவது குடி என்றுதான். மரியாதைக்காக இதயம் என்றார்.

தாலான்ட், நான் அதைத் தேடியது என் போனில். பள்ளியில், வேதியியல் ஆய்வகத்துக்குப் பின்னாலிருக்கும் சாமான் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு. யாரும் பார்க்கவில்லை. அது என் வீட்டுச் சுவருக்கு எப்படி வந்தது? இன்னும் யார் யாருக்குத் தெரியும்? நேற்று கடையில் நிற்கும்போது, பில் போடுகிற பெண்ணுக்குக்கூடத் தெரிந்திருக்குமோ என்று தோன்றியது.

நான் தேடியது எனக்காக இல்லை. எங்கள் பள்ளியில் ஒரு டீச்சரின் கணவருக்காக.

நீ மாதா மாதம் காசு கட்டி ஏதோ ஒன்றில் தேடுவாயே, அது வேலை செய்யுமா? ஊரே ஓசியில் குடிக்கிற தண்ணீருக்கு நீ மட்டும் காசு கொடுக்கிறாய் என்று உன்னைக் கேலி செய்தேன். இப்போது கேட்கிறேன், கொடுக்கிற காசுக்கு அது தகுமா? பதிலைக் கெரிம் அண்ணனிடம் மட்டும் கொடு. போனில் ஒரு எழுத்தும் அனுப்பாதே.

குல்பாரா


அல்மாத்தி
செப்டம்பர் 9

அக்கா,

ஜாம் வந்தது. கடிதத்தை மூன்று தடவை படித்தேன்.

முதலில் டிவி. தப்பு என்னுடையது. அதை மாட்டிக் கொடுத்த அன்று உன் போனில் இருந்த கணக்கையே அதிலும் போட்டுவிட்டேன். நீ போனில் கேட்டதெல்லாம் அந்தக் கணக்கின் பெயரில் சேரும். சேர்ந்ததை வைத்து, இவளுக்கு இது பிடிக்கும் என்று டிவி எடுத்து நீட்டும். அதற்குக் கெட்ட எண்ணம் கிடையாது. விருந்தாளி வந்திருக்கிறார்கள் என்று அதற்குத் தெரியாது, அவ்வளவுதான். பழையதை எப்படி அழிப்பது என்று தனிக் காகிதத்தில் எழுதியிருக்கிறேன். அழித்ததும் அந்தக் காகிதத்தை அடுப்பில் போட்டுவிடு.

கொடுக்கிற காசுக்குத் தகுமா என்று கேட்டாய். நான் மூன்று வருடமாக ஒரு விளம்பரக் கம்பெனியில் பட்டியல் போடுகிறவன். "குழந்தை எதிர்பார்ப்பவர்கள்" என்று ஒரு பட்டியல். "வீடு மாறப்போகிறவர்கள்" என்று ஒன்று. "உடம்பை நினைத்துப் பயப்படுகிறவர்கள்" என்று ஒன்று. பெயர் இருக்காது, எண்தான் இருக்கும். ஆனால் எண்ணுக்குப் பின்னால் ஒரு ஆள் இருக்கிறார். மூன்றாவது பட்டியலைத்தான் அதிகம் பேர் கேட்டு வாங்குகிறார்கள், பயந்தவர்கள் சீக்கிரம் வாங்குவார்கள் என்று. இலவசமாகத் தேட விடுகிறவர்களுக்கு நம் கேள்விதான் சரக்கு. நான் காசு கட்டுகிற தேடுபொறியில் என் காசுதான் அவர்களுக்கு வரும்படி. நான் என்ன கேட்டேன் என்று எழுதி வைப்பதில்லை என்கிறார்கள். நம்புகிறேன். வேறு வழியில்லாததாலும் நம்புகிறேன்.

ஆனால் அதை மதில்சுவர் என்று நினைத்துவிடாதே, வெறும் திரைச்சீலைதான். போனைக் கையில் எடுத்துப் பார்க்கிறவரை அது தடுக்காது. அங்கிருந்து நீ போய்த் திறக்கிற பக்கங்கள் உன்னைப் பார்க்கத்தான் செய்யும். காசு கட்டுகிற அட்டையில் பெயர் இருக்கும். அத்தானின் அட்டையில் கட்டினால் வங்கியிலிருந்து அவர் போனுக்குச் செய்தி போய்விடும். அதனால் என் அட்டையிலேயே உனக்கும் சேர்த்துக் கட்டிவிட்டேன். மாதத்துக்கு ஒரு கிலோ ஆட்டிறைச்சியின் விலை. சண்டைக்கு வராதே.

அந்த டீச்சரின் கணவருக்கு என்ன வயது? எந்தக் கையில் வருகிறது? பட்டன் போடச் சிரமப்படுகிறாரா? அவருடைய அப்பா அம்மாவில் யாருக்காவது இருந்ததா? எழுது.

தாலான்ட்


கராகோல்
செப்டம்பர் 15

தம்பி,

கடிதத்தை டைப் அடித்து அனுப்பியிருக்கிறாய். மின்சார ஆபீஸ் நோட்டீஸ் மாதிரி இருந்தது. அக்காவுக்கு நாலு வரி கையால் எழுத மனம் வரவில்லையா? கையெழுத்துகூட இல்லை.

நீ சொன்ன பக்கத்தில் தேடினேன். வெள்ளையாக ஒரு பக்கம், நடுவில் ஒரு பெட்டி. கேட்டதற்குப் பதில் வந்தது. மறுநாள் டிவியைப் போட்டால் கேக்கும் தையல் மெஷினும்தான் இருந்தன. நாலு நாள் நிம்மதியாக மூச்சு விட்டேன். அதற்குள் படித்துவிட்டேனே. அப்பா அம்மாவில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வருவதும் வராததும் பாதிக்குப் பாதி. பிள்ளைக்கு வந்தால் அதன் பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி. யாருக்கும் தெரியாமல் படித்ததால் பயம் குறைந்துவிடவில்லை. முன்பு யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பயம். இப்போது பார்க்க யாருமே இல்லை, நானும் அதுவும் மட்டும்.

டீச்சரும் இல்லை, டீச்சர் கணவரும் இல்லை. நான்தான். இடது கையில் கடைசி இரண்டு விரல்கள். மார்ச்சில் பிள்ளைகளுக்குச் சோதனைக்குழாயைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தேன், விரல்கள் தானாகத் துடித்தன, குழாய் விழுந்து உடைந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏப்ரலில் நீ விருந்துக்கு நடுவில் எழுந்து, அப்பா குடித்துச் சாகவில்லை, அது ரத்தத்தில் வருகிற நோய், எல்லாரும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்றாய். என் கை மேசைக்குக் கீழே இருந்தது. அதை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டுதான் உன்னை வெளியே போகச் சொன்னேன். நீ என் கையைப் பார்த்துவிட்டுத்தான் பேசுகிறாய் என்று நினைத்தேன்.

இப்போது வேறொரு தொல்லை. வியாழக்கிழமை ஷாகிர் ஏதோ பஸ் நேரம் பார்க்க என் போனை வாங்கினார். கொஞ்ச நேரம் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"முன்னெல்லாம் உன் போன்ல திரைச்சீலை விலை, கேக் பண்றதுன்னு ஏதாவது கிடக்கும். இப்ப துடைச்சு வச்ச தட்டு மாதிரி இருக்கு. யாரு அவன்?"

சிரிப்பு வரும் என்று நினைத்தேன், வரவில்லை. என் முகம் போன போக்கைப் பார்த்து அவருக்குச் சந்தேகம் உறுதியாகிவிட்டது. இரண்டு நாளாகப் பேச்சில்லை. பள்ளிக்கு நான் கேட்காமலே காரில் கொண்டுவிடுகிறார், திரும்பவும் வந்து நிற்கிறார். இருபத்திரண்டு வருடத்தில் செய்யாதது. அந்தக் காருக்குள் உட்காரவே எனக்குப் பயமாக இருக்கிறது.

நீ மறைக்கக் கற்றுக்கொடுத்தாய். ஆனால் ஒரு வீட்டுக்குள் எதையாவது மறைத்தால், என்ன மறைக்கிறாள் என்பதைவிட மறைக்கிறாள் என்பதுதான் முதலில் தெரிகிறது. இதற்கு என்ன பதில்? உன் காசுத் தேடலிடம் கேட்டேன். அது விவாகரத்து வக்கீல்களின் பெயர்களைக் கொடுத்தது.

சம்பந்தியம்மா போன் செய்தார். அப்பா நடக்கும்போது தள்ளாடுவாரென்று நம் தெருக்காரர் யாரோ சொன்னார்களாம். "சும்மா கேட்டேன்" என்றார்.

குல்பாரா


அல்மாத்தி
செப்டம்பர் 20

அக்கா,

டைப் அடித்ததற்குக் காரணம் இருக்கிறது. என் கையெழுத்தை இப்போது யாராலும் படிக்க முடியாது.

இரண்டு வருடத்துக்கு முன் இங்கே ரத்தப் பரிசோதனை செய்துகொண்டேன். எனக்கு இருக்கிறது. அப்பாவிடமிருந்து வந்தது. வலது கையில் ஆரம்பித்தது, இப்போது காலிலும் கொஞ்சம். டாக்டர் அந்தத் தாளை நீட்டிய வாரம்தான் அந்தத் தேடுபொறிக்கு முதல் மாதக் காசு கட்டினேன். பட்டியல் போடுகிற அறையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மேசைக்காரன் போடுகிற பட்டியலில் என் எண் வந்துவிடும் என்று அவன் திரையையே எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பேன். வீட்டுக்காரருக்குத் தெரிந்தால் வீட்டை விட்டு எழுப்புவார், கம்பெனிக்குத் தெரிந்தால் அடுத்த ஒப்பந்தம் போடமாட்டார்கள் என்று கற்பனை செய்துகொண்டேன். ஒன்றும் நடக்கவில்லை. யாருக்குமே தெரியவில்லை. அந்த வகையில் கொடுத்த காசுக்கு முழு வேலை செய்தது.

இந்த இரண்டு வருடத்தில் அதனிடம் என்ன கேட்காமல் விட்டிருப்பேன்? விழுங்குவது எப்போது கஷ்டமாகும், வண்டி ஓட்டுவதை எப்போது நிறுத்த வேண்டும், தனியாக இருக்கிறவர்கள் கடைசியில் எங்கே போகிறார்கள், எல்லாம் கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் பதில் வந்தது. என் பெயர் தெரியாத ஒன்றிடமிருந்து வந்த பதில்.

ஏப்ரலில் உன்னிடம் தனியாகச் சொல்லத்தான் வந்தேன். சமையலறை வாசலில் இரண்டு தடவை நின்றேன். நீ போர்சோக் தட்டைக் கையில் கொடுத்து, "தூக்கிட்டுப் போடா" என்றாய். தட்டைத் தூக்க எனக்குப் பயம். மேசையில் ஒருவர் அப்பாவின் குடியைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரித்ததும் எழுந்துவிட்டேன். என்னைப் பற்றிச் சொல்ல வந்தவன் எல்லாரையும் பற்றிச் சொல்லிவிட்டேன். உன் கையை நான் பார்க்கவில்லை, அக்கா. பார்த்திருந்தால் வாயைத் திறந்திருக்கமாட்டேன்.

இரண்டு விரல் துடிப்பதை வைத்து நீயாக முடிவு செய்யாதே. துடிப்புக்கு எத்தனையோ காரணம் இருக்கும். அதைச் சொல்ல வேண்டியது ரத்தம்தான், எந்தத் தேடலும் இல்லை. இங்கே வா, நான் கூட இருக்கிறேன்.

அத்தானிடம் சொல்லிவிடு. இன்றைக்கே சொல். வேறொரு ஆள் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு இருபத்திரண்டு வருடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பார். இந்த நோயைவிட அது அவருக்குப் பெரிய வேதனை.

இதற்குப் பதில் வராதோ என்று பயந்துகொண்டிருக்கிறேன்.

தாலான்ட்


கராகோல்
செப்டம்பர் 25

தம்பி,

உன் கடிதத்தை ஆய்வகத்தில் நின்றுகொண்டு படித்தேன். பிறகு தரையில் உட்கார்ந்தேன். அதற்கு மேல் இப்போது எழுதத் தெரியவில்லை. நேரில் வரும்போது சொல்கிறேன்.

அன்று மாலை ஷாகிர் பள்ளி வாசலில் காரோடு நின்றார். ஏறினேன். சந்தைக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். உன் கடிதங்கள் இரண்டையும் அவர் மடியில் வைத்தேன். அவர் படிப்பது மெதுவாக என்று உனக்குத் தெரியும். எதிரே ஒருவர் தர்பூசணி இறக்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்னை இறக்கிவிட்டுப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன்.

படித்து முடித்ததும் என் இடது கையை எடுத்துத் தன் முட்டியின் மேல் விரித்து வைத்தார். விரல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். விரல்கள் அன்றைக்குப் பார்த்து அசையவே இல்லை.

"இதுக்கா போனைத் துடைச்சு வச்சே?"

"ஆமா."

"அப்படி ஒருத்தன் இருந்திருந்தாலாவது நாலு அறை விட்டுட்டு வந்திருப்பேன்" என்றார். பிறகு ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்தது அவருடைய அம்மா இறந்தபோது ஒரு தடவை. இது இரண்டாவது.

மீரிமிடம் இரண்டு பேரும் சேர்ந்து சொன்னோம். தனக்கு வருமா என்று கேட்கவில்லை. "மாமா அங்க தனியாவா இருக்கார்?" என்றாள். காதணியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு அதிலெத்தைப் பார்க்கப் போனாள். எங்களை வரக்கூடாது என்றாள். அவன் முழுக்கக் கேட்டுவிட்டு, அம்மாவிடம் சொல்லியாக வேண்டும் என்றானாம். பாலிக்சியிலிருந்து மறுநாள் தகவல் வந்தது. பெண்ணின் அம்மாவுடைய ரத்தம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டுப் பேசலாமாம். எனக்குக் கோபம் வரவில்லை. அவர் இடத்தில் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன் என்று தோன்றியதும்தான் பயம் அதிகமாயிற்று.

திங்கட்கிழமை நாங்கள் இருவரும் வருகிறோம். ஷாகிர் காரைக் கழுவிக்கொண்டிருக்கிறார். காலையிலிருந்து மூன்றாவது தடவை.

அக்கா


அல்மாத்தி
அக்டோபர் 4

அக்கா,

நீங்கள் போனபின் வீடு சத்தமில்லாமல் இருக்கிறது. அத்தான் குளியலறையில் ஒரு கைப்பிடி பொருத்திவிட்டுப் போயிருக்கிறார். என்னிடம் சொல்லவே இல்லை. கை வைத்தபோதுதான் தெரிந்தது.

முடிவு வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். அதை வாங்குகிற வேலையை எனக்குக் கொடுத்துவிட்டாய். சரி என்றேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு வந்த தாளைப் பிரித்தபோதுகூட இவ்வளவு பயப்படவில்லை. தினமும் காலையில் அந்த வெள்ளைப் பக்கத்தைத் திறக்கிறேன். பெட்டியில் என்ன எழுதுவதென்று தெரியாமல் மூடிவிடுகிறேன். உன் முடிவு என்ன என்று அதனிடம் எப்படிக் கேட்பது?

கிளம்பும்போது, உனக்காகக் கட்டுகிற காசை நிறுத்திவிடச் சொன்னாய், இனி மறைக்க என்ன இருக்கிறது என்று. நிறுத்தவில்லை. அது வீண் என்று நான் நினைக்கவில்லை. உனக்கே பெயர் தெரியாத பயம் ஒன்று இருந்தபோது, அதை முதலில் யாரிடமாவது கேட்க ஓர் இடம் வேண்டியிருந்தது. கேட்டது வெளியே போகாத இடம். அதற்கு அந்தக் காசு தகும். நான் செய்த தப்பு, அங்கேயே இரண்டு வருடம் தங்கிவிட்டது.

வேலையை விட்டுவிட்டேன். பட்டியல் போடக் கை ஒத்துழைக்கவில்லை என்று சொன்னேன். கை என்றுதான் சொன்னேன். யாரும் மேலே கேட்கவில்லை.

தாலான்ட்


கராகோல்
அக்டோபர் 23

தம்பி,

நேற்று போன் அடித்தபோது உன் பெயரைப் பார்த்ததும் தாள் வந்துவிட்டதென்று தெரிந்துவிட்டது. நீ "உனக்கு இல்ல அக்கா" என்றாய். இரண்டு தடவை சொன்னாய். நான் போனை வைத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. சந்தோஷப்பட வாயைத் திறந்தேன், உன் குரல் காதில் இருந்தது, முடியவில்லை. உனக்கு இருக்கிறது, எனக்கு இல்லை என்பதை நீயே உன் வாயால் சொல்ல வேண்டி வந்ததே. அந்த வேலையை உன்னிடம் விட்டேனே, நான் என்ன அக்கா?

விரலுக்குக் காரணம் கழுத்தில் ஒரு நரம்பு அழுத்துவதாம். இங்கே டாக்டர் ஒரு கழுத்துப் பட்டை கொடுத்திருக்கிறார், கட்டிக்கொண்டால் நுகம் பூட்டிய எருதுபோல இருக்கிறேன். எனக்கு இல்லையென்றால் மீரிமுக்கும் இல்லை. ஷாகிர் அதைக் கேட்டதும் போய் விறகு பிளந்தார். குளிர்காலம் முழுக்கப் போதும், அவ்வளவு.

பாலிக்சிக்கும் சொன்னோம். சம்பந்தியம்மா உடனே போன் செய்தார். குரலே மாறியிருந்தது. டிசம்பரில் கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம் என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "உங்க தம்பி அன்னிக்கு அல்மாத்திலயே இருந்துட்டா நல்லதோ? ஜனங்க பார்ப்பாங்க, அவருக்கும் சங்கடம்" என்றார்.

ஆறு மாதத்துக்கு முன்னாலென்றால் நானே அதைச் சொல்லியிருப்பேன். மீரிம் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கல்யாணம் இந்த ஒரு வாக்கியத்தில் முறிந்துவிடும் என்று நன்றாகத் தெரிந்தது.

"தாலான்ட் வருவான். முதல் மேசைல, எனக்குப் பக்கத்துல உக்காருவான். அவனுக்கு என்ன நோய்னு கேக்கறவங்களுக்கு நானே பேரைச் சொல்வேன். எங்க அப்பாவுக்கும் அதுதான்" என்றேன்.

போன் துண்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். அப்புறம், "அவருக்குக் கைப்பிடி வச்ச நாற்காலியா போடணும்?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன். மீரிம் காதணியை இன்னும் போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் பெட்டியிலிருந்து எடுத்து ஜன்னல் பக்கம் வைத்திருக்கிறாள். பார்க்கலாம்.

எனக்காகக் கட்டுகிற காசை நிறுத்தவேண்டாம். நீ சொன்னது சரிதான். நானும் இப்போது அதில்தான் உனக்காகத் தேடுகிறேன். தேடியதை மாலையில் ஷாகிருக்குப் படித்துக் காட்டுகிறேன். சிலவற்றைப் படிக்கும்போது அவர், "போதும், நாளைக்குப் படி" என்பார். எனக்கும் அத்தோடு போதும். தாலான்ட், எனக்குப் பயம் போகவில்லை. என்னை விட்டுவிட்டு உன்மேல் போய் உட்கார்ந்துகொண்டது. அடுத்த வருடம் என்ன, அதற்கடுத்த வருடம் என்ன என்று அந்தப் பக்கம் எல்லாவற்றையும் சொல்கிறது. படிக்கிறேன். படித்துவிட்டுப் போய் உனக்கான அறையில் நிற்கிறேன். கட்டிலைச் சுவரோரம் தள்ளியாயிற்று, ஒரு பக்கம் விழாமல் இருக்கும்.

எல்லை தாண்டும் கெகென் வழி மலைப்பாதையைப் பனிக்காக மாதக் கடைசியில் மூடுகிறார்கள். கெரிம் அண்ணனின் கடைசி ஓட்டம் செவ்வாய்க்கிழமை. முன் சீட்டை உனக்கென்று சொல்லிவைத்துவிட்டேன். அதில் ஏறி வந்துவிடு, இனி எங்களோடு இரு. எல்லைச் சாவடியில் இறங்கி நடக்க வேண்டியிருக்கும். அந்த நூறு அடி தூரத்தை நினைத்துத்தான் நீ தயங்குவாய் என்று எனக்குத் தெரியும். நாங்கள் இந்தப் பக்கக் கம்பிக்கு வெளியே காலை பத்து மணியிலிருந்தே நிற்போம். நீ மெதுவாக வா. எவ்வளவு நேரமானாலும் சரி.

இனிமேல் கடிதம் வேண்டாம். பயம் வந்தால் போன் செய். யார் கேட்டாலும் கேட்கட்டும்.

அக்கா